வாழைமரம் கட்டிய கடை

என் கடைவாய்ப் பல் கார்த்திகை மாதத்திலிருந்து வலித்துக்கொண்டிருந்தது. ரூட் கேனல் செய்து கேப் போட வேண்டும், தள்ளிப்போட்டால் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் பீரோவில் இருந்தது. பொங்கல் லீவில் போய்ச் செய்துகொள்வதாக இருந்தேன். மரத்துப்போன வாயோடு ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்த முடியாது.

அந்தப் பணம் இருப்பது என் கணவர் பிரபுவுக்கும் தெரியும். அதுதான் வினை.

பிரபுவுக்கு மார்கழி பிறந்தால் ஒரு தொழில் பிறந்துவிடும். நூல் மில்லில் சூப்பர்வைசர். வருடம் முழுக்க ஒழுங்காக வேலைக்குப் போகிற மனுஷர், குளிர் தொடங்கியதும் "சைடுல ஏதாச்சும் பண்ணுவமா" என்று ஆரம்பிப்பார். ஒரு வருடம் கிறிஸ்துமஸ் ஸ்டார் வாங்கி வந்தார், எல்லா வீட்டிலும் ஸ்டார் தொங்க ஆரம்பித்த பிறகு. போன வருடம் காலண்டர். ஊரில் நகைக்கடையும் மளிகைக்கடையும் சும்மா கொடுக்கிற பொருளை யார் விலைக்கு வாங்குவார்கள் என்று நான் கேட்டேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. கோபித்துக்கொண்டு கத்தினால் நானும் கத்துவேன், விஷயம் முடியும். பிரபு கத்துவதில்லை. வாடிப்போவார். அப்புறம் தேற்றுகிற வேலையும் என் தலையில் விழும்.

இந்த வருடம் தைப்பூசம் பொங்கலை ஒட்டியே வந்தது.

"பழனிக்கு நடந்து போறவங்க எத்தன பேருண்டு நெனைக்கிற? ரோடு கொள்ளாம போறாங்க. அம்புட்டுப் பேருக்கும் காலையில பசிக்கும்ல?"

"பசிக்கும்."

"அம்புட்டுத்தான் புவனா. பணியாரம், சுக்குக் காப்பி. மாமா தோப்பு ரோட்டு மேலதான இருக்கு. லீவு நாலு நாளு போட்டாப் போதும். உன் பல்லுக்காசு ரெண்டு பல்லுக்காசாத் திரும்பும்."

"எனக்கு ஒரு பல்லுதான் வலிக்குது."

"அடுத்தது வலிச்சா ஆகும்ல."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுப் பார்த்தேன். அவர் வாடிப்போவார் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, எனக்கும் ஆசை இருந்தது. நாள் முழுக்க நின்று உழைத்து அந்தி நேரத்தில் கையில் காசோடு வீடு திரும்புவது எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன். பள்ளிக்கூடத்துச் சம்பளம் வங்கியில் விழுந்து கடனுக்குப் போய்விடும். அதை நான் தொட்டதே இல்லை.

மகளை அகரத்தில் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, மாட்டுப் பொங்கலன்று விடியும்முன் பழனி சாலைக்குப் போனோம். என் மாமியார் பொன்னழகுவும் ஒத்தாசைக்கு வந்தார். ரெட்டியார்சத்திரம் தாண்டி, அவருடைய தம்பியின் தென்னந்தோப்பு. ரோட்டோரத்தில் பிரபு முந்தின நாளே கடை போட்டு வைத்திருந்தார். பனியில் அது மங்கலாகத் தெரிந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தென்னோலைப் பந்தல். இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம். நடுவில் மாலை போட்ட பெரிய முருகன் படம். ஒரு ஒலிபெருக்கி வேறு.

"எடுப்பா இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். நானும் இந்த ஊர்க்காரிதான். எனக்கும் அந்த நிமிஷம் உறைக்கவில்லை.

எதிர்ப்புறம் ஒரு ஆம்னி வேன் நின்றது. பேகம்பூர் சேக் பரீது என்பவர் தார்ப்பாய் விரித்து சாக்ஸ், காலுக்குத் தைலம், பிளாஸ்திரி, இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் பரப்பிக்கொண்டிருந்தார். எங்கள் பந்தலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, "நல்ல காரியம் தம்பி" என்றார். பிரபு சிரித்துத் தலையாட்டினார்.

முதல் கூட்டம் வந்தது. நத்தம் பக்கத்து ஆட்கள். பச்சை வேட்டி, பச்சைப் புடவை, தோளில் சின்னக் காவடிகள், வெறுங்கால். நேராகப் பந்தலுக்குள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் குழிக் கல்லிலிருந்து பணியாரத்தைக் குத்தி எடுக்க எடுக்க மாமியார் தட்டில் வைத்தார். இன்னும் ரெண்டு கேட்டார்கள். சட்னி கேட்டார்கள். சுக்குக் காப்பி குடித்தார்கள். குடித்துவிட்டு எழுந்து, அவர்களில் மூத்தவர் மடியிலிருந்து திருநீற்றை எடுத்து பிரபுவின் நெற்றியில் பூசினார்.

"புள்ளகுட்டியோட நல்லா இருப்பீங்க சாமி. அரோகரா."

போய்விட்டார்கள்.

பிரபு திருநீற்று நெற்றியோடு என்னைப் பார்த்தார். நான் காலித் தட்டுகளைப் பார்த்தேன்.

"காசு?"

"கேக்கலாம்ண்டுதான் இருந்தேன். அதுக்குள்ள பூசிட்டாரு."

"பூசுனா என்ன? வாயிலயா பூசுனாரு?"

"இந்தா, சாமி விஷயத்துல இப்டிப் பேசாத" என்றார் மாமியார். "மொத பந்தி. போனாப் போகுது."

இரண்டாவது கூட்டமும் உட்கார்ந்தது, தின்றது, வாழ்த்தியது, போனது. மூன்றாவது கூட்டத்தில் ஒரு பெண், பாத்திரம் கழுவ ஆள் இல்லையா என்று கேட்டு இரண்டு தட்டைக் கழுவியும் வைத்துவிட்டுப் போனாள். அவள் அவ்வளவு நல்லவளாக இருந்தது எனக்கு எரிச்சலைக் கூட்டியது. ஏமாற்றினால் திட்டலாம். யாரும் ஏமாற்றவில்லை. வாழைமரம் கட்டி, முருகனை வைத்து, பாட்டுப் போட்டு, பந்தலில் பாய் விரித்தால் அதற்கு இந்தச் சாலையில் ஒரே அர்த்தம்தான். மதுரையிலிருந்து பழனிவரைக்கும் எந்தக் கைக்குழந்தைக்கும் தெரிந்த அர்த்தம். அன்னதானம். அதைத்தான் நாங்கள் என் பல்லை அடகு வைத்துக் கட்டியிருந்தோம்.

"நீங்களே கேளுங்க" என்றேன் பிரபுவிடம்.

"நீ கேளு. நீ டீச்சர்தான? நாப்பது புள்ளைகள அதட்டுறவ."

கேட்டேன். அதாவது கேட்க முயன்றேன். ஒரு வயதான அம்மாளிடம் தட்டை நீட்டிவிட்டு, "பாட்டிம்மா, தட்டு இருபது ரூவா" என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அவர் பாதத்தில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. பணியாரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். குளிர்காற்று பல்லில் பட்டு வலி காதுவரை ஏறியது.

அப்புறம் ஒரு அட்டையில் விலை எழுதி வாழைமரத்தில் தொங்கவிட்டேன். அடுத்து வந்தவர்கள் அதைப் படித்து, ஒருவரை ஒருவர் பார்த்து, எடுத்த தட்டைப் பேசாமல் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். ஒரு ஆள் மட்டும் திரும்பி முருகன் படத்தைப் பார்த்தான், முருகன்மேல் பரிதாபப்படுகிற மாதிரி. நான் சட்னி அள்ளக் குனிந்து நிமிர்வதற்குள் மாமியார் அட்டையைத் திருப்பிவிட்டிருந்தார்.

"அத்தை, இது யாவாரம்."

"யாவாரம்ண்டா பொட்டிக்கடை போட்டிருக்கணும்த்தா. பந்தலப் போட்டுட்டு விலை சொன்னா எந்தச் சாமி பொறுக்கும்?"

"வாழைமரத்த அவுத்துருவோம்."

"கட்டுன வாழைமரத்த பாதியில அவுக்குறதா? வீட்டுல நல்லது கெட்டது நடக்க வேணாமா?"

பிரபு என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கார் வந்தது. கரூர்ப் பக்கத்துக் குடும்பம். ஓட்டி வந்தவர் இறங்கி, முருகனைக் கும்பிட்டுவிட்டு, மடித்த ரூபாய்த் தாள்களை மாமியார் கையில் வைத்தார். "எங்களால நடக்க முடியலீங்க. எங்க பங்குக்கு இதையும் அன்னதானத்துல சேத்துக்குங்க."

மாமியார் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கார் போனது.

"ஏங்க" என்றேன் மெதுவாக. "நான் போட்டத அதுல எடுத்துக்குவோம்."

"ஏலே பிரபு, இது சாமி காசு. ஒரு ரூவா தொடக்கூடாது. மாவு தீந்தா உப்புமா கிண்டிப் போடுவோம், போயி ரவை வாங்கிட்டு வா" என்றார் மாமியார்.

பிரபு என் பக்கம் திரும்பினார். "அவரு நம்மள நம்பிக் குடுத்தாரு புவனா."

நானும் நம்பித்தான் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவர் வாடியிருப்பார். அதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே போனார்.

நான் பந்தலுக்கு வெளியே வந்து சாலையோரம் நின்றேன். சண்டை போடக்கூட ஆள் இல்லை. எதிரே சேக் பரீதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அவர் ஒரு கையால் சாக்ஸ் எடுத்துக் கொடுத்து, மறு கையால் சில்லறை கொடுத்துத் திணறிக்கொண்டிருந்தார். பெண்கள் ஒதுங்கி நின்றார்கள்.

"டீச்சரம்மா" என்று கூப்பிட்டார். பிரபு என்னை டீச்சர் என்றது மட்டும் அங்கேவரை கேட்டிருக்கும். "சும்மாத்தான நிக்கிறீங்க? செத்த நேரம் வாங்கம்மா. வீட்டுல கமர்ஜஹான் வாரேண்டுச்சு, மகளுக்குக் காய்ச்சல், வரமுடியல. பொம்பளையாளுக காலுக்கு நான் பிளாஸ்திரி ஒட்ட முடியுமா? நாள் சம்பளம் தந்துருறேன்."

"நாங்க எதிர்ல கடை போட்டிருக்கோம் பாய்."

"கடையா?" என்றார். பந்தலைப் பார்த்தார், வாழைமரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் அன்னதானம்ண்டுல்ல நெனச்சேன்."

"எல்லாரும் அப்டித்தான் நெனைக்கிறாங்க."

அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன். "டீக்கடைண்டு போட்டா குடுப்பாங்கம்மா. பந்தல்ல குடுக்க மாட்டாங்க. வாங்க, உக்காருங்க."

சாலையைக் கடந்தேன். வேறொன்றும் செய்யவில்லை, ஒரு சாலையைக் கடந்தேன். தார்ப்பாயில் உட்கார்ந்து ஒரு பெண்ணின் குதிகாலைத் துடைத்து பிளாஸ்திரி ஒட்டினேன். "எவ்வளவுக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். விலை வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. எதிர்ப்புறம் வாயைத் திறந்தும் வராத அதே வார்த்தை. சோறு என்றால் சொல்ல முடியவில்லை, சாக்ஸ் என்றால் முடிகிறது. அல்லது சோறோ சாக்ஸோ காரணமில்லை, அந்தப் பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் காரணமோ என்னவோ. பந்தலில் நான் ஒரு நல்ல மருமகள். இங்கே கூலிக்கு உட்கார்ந்த ஒருத்தி. கூலிக்காரி எவ்வளவு லேசாக மூச்சு விடுகிறாள் என்று ஆச்சரியமாக இருந்தது.

வெயில் ஏறி, பனி முழுக்கக் கலைந்தது. எங்கள் பந்தலில் சாப்பிட்டவர்கள் கையைத் துடைத்துக்கொண்டே சாலையைக் கடந்து என்னிடம் வந்து காசு கொடுத்து சாக்ஸ் வாங்கினார்கள். ஒரு ஆள், "எதுத்தாப்புல பணியாரம் பஞ்சா இருக்குக்கா, நீங்களும் போயிச் சாப்டுங்க" என்று எனக்கே உபசாரம் சொன்னான். மாவு நான் ஆட்டியது.

பிற்பகலில் கூட்டம் குறைந்தபோது சேக் பரீது சம்பளத்தைக் கையில் கொடுத்தார். லீவு முடிகிறவரை வாருங்கள், அப்புறம் பூசம்வரை ஞாயிற்றுக்கிழமையும் வாருங்கள் என்றார். நான் அங்கேயே பல் டாக்டருக்குப் போன் செய்தேன். மொத்தமாகக் கட்ட வேண்டாம், ஒவ்வொரு தடவை வரும்போதும் கொஞ்சம் கட்டலாம், முதல் தடவைக்கு இவ்வளவு என்று நர்ஸ் சொன்னாள். கையில் இருந்தது அதற்குப் போதும். மறுநாள் சாயங்காலம் வரச் சொன்னாள்.

போனை வைப்பதற்கும் பிரபு சாலையைக் கடந்து வருவதற்கும் சரியாக இருந்தது. நெற்றி முழுக்கத் திருநீறு. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஸ்டாரும் காலண்டரும் விற்கப்போன நாட்களில் நான் பார்க்காத ஒரு நடை.

"புவனா, ரவை தீந்துருச்சு. அந்தண்ணன் குடுத்ததும் தீந்துருச்சு. காரைக்குடிக் கூட்டம் பெருசா வருதாம், பின்னாலயே வருதுண்டு சொல்றாங்க. பாய் உனக்கு ஏதோ குடுத்தாருல்ல, அதத் தா. நாளைக்குத் திருப்பிருவோம்."

"எப்டித் திருப்புவீங்க?"

"வரும் புவனா. குடுக்குறாங்க பாரு, கேக்காமலே குடுக்குறாங்க."

சந்தோஷமாக இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கொடுக்க முடியாத சந்தோஷத்தை, என் பணத்தில் செய்த பணியாரத்தை ஊருக்குப் போட்டு அவர் அடைந்திருந்தார். இந்த மனுஷரிடம் கெட்டதாக ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியாது. அதனாலேயே அவரோடு வாழ்வது இவ்வளவு அலுப்பாக இருக்கிறது.

"தர மாட்டேன்" என்றேன்.

மேற்கொண்டு ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். வழக்கமாகச் சொல்வேன். காரணம் சொல்வேன், காரணத்துக்குக் காரணம் சொல்வேன், அதில் ஏதோ ஒன்றில் அவர் வாடுவார், நான் இறங்கிவருவேன். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. அவர் முகம் விழத் தொடங்கியது. நான் சாக்ஸ்களை அளவு பார்த்து அடுக்க ஆரம்பித்தேன்.

"நாளைக்கு டாக்டர்ட்டப் போறேன்" என்றேன், அவரைப் பார்க்காமல். "அது மட்டும்தான்."

"சரி" என்றார்.

திரும்பிப் போனார். வாடித்தான் போனார். ஆனால் பந்தல்வரை போகவில்லை, சாலை ஓரத்திலேயே நின்றார். ஒரு கார் வந்தது. கையை நீட்டி நிறுத்தினார். "அண்ணே, நடந்து வாரவங்களுக்கு டிபன் போடுறோம். ரவை பத்தல. உங்களால ஆனதக் குடுங்க." கொஞ்சம்கூடக் கூச்சமில்லாத, தெளிவான குரல். காலண்டர் விற்கப்போய் ஒரு கடைக்காரரிடமும் வாயைத் திறக்க முடியாமல் திரும்பி வந்தவரின் குரல். கார்க்காரர் பர்ஸை எடுத்தார். பந்தலிலிருந்து மாமியார் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். யார் முதலில் கண்ணை எடுத்தோம் என்று தெரியவில்லை.

"இந்த சாக்ஸ் எவ்வளவுக்கா?"

காரைக்குடிக் கூட்டத்தின் முன்வரிசைப் பெண். விலையைச் சொன்னேன்.

"பத்து ரூவா கொறைங்க. எதுத்தாப்புல சாப்பாடே சும்மா குடுக்குறாங்க. நீங்க ஒரு சாக்ஸுக்குப் போயி இம்புட்டுச் சொல்றீங்க?"

"அவங்க குடுக்குறாங்க" என்றேன். "நான் விக்கிறேன்."

அவள் முனகிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.