தூக்கிப் பார்த்து வாங்கிய பவர் சப்ளை

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் கிறிஸ்டினா எட்டு வருஷமாகத் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். மிஷினிலிருந்து விழும் மூடிகளை எடுத்துப் பார்த்து, பிளாஸ்டிக் சரியாக ஓடி நிறையாமல் ஓரம் குறைந்ததையெல்லாம் ஒதுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். ஒரு வாரம் பகலில் தூக்கம், ஒரு வாரம் இரவில் தூக்கம். உடம்பு எதைத்தான் பழகும், சொல்லுங்கள்.

மூடி வார்க்கும் அச்சை வெட்டுவதற்கு முன்பே அந்தக் குறையைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று அவளுக்கு ஓர் ஆசை. அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு வழி இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படி ஓடும், எங்கே திணறும் என்று கணக்குப் போட்டுப் படமாகக் காட்டும். போனில் பாடம் பார்த்தே அதைக் கற்றுக்கொண்டாள். புதுவாயலில் அச்சுப் பட்டறை வைத்திருக்கும் வரதன் ஒரு வாளி மூடியின் வரைபடத்தைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வெளியூர் கிளம்புகிறார். அதற்குள் முடித்துக் காட்டினால் இனிமேல் பட்டறைக்கு வரும் இந்த மாதிரிக் கணக்கு வேலை அத்தனையும் அவளுக்குத்தான், இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. வீட்டிலிருந்தே செய்யலாம், ஷிஃப்டை விட்டுவிடலாம்.

வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரோ பாதிக் கணக்கிலேயே மூச்சடைத்து நின்றது. விலை உயர்ந்தது வாங்க வழியில்லை. அப்போதுதான் ஓவர்கிளாக் பற்றிப் படித்தாள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கணக்குப் போடுகிற பிராசஸருக்கு, செய்தவன் ஒரு வேகம் வைத்து அனுப்புகிறான். நல்ல போர்டில் உட்காரவைத்து, கொஞ்சம் மின்சாரம் கூட்டிக் கொடுத்து, சூட்டையும் இறக்கிவிட்டால், அதே பிராசஸர் இன்னும் வேகமாக ஓடும். இருக்கிற வேகத்தில் முப்பது மணி நேரம் பிடிக்கும் கணக்கு, வேகத்தைக் கூட்டித் தள்ளிவிட்டால் இருபத்தைந்தில் முடியும்.

சனிக்கிழமை காலையில் புருஷன் ஜெரால்டோடு புதுவாயலில் ராபினுடைய கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கையில் எழுதிய பட்டியல். ஆறு கணக்கை ஒரே நேரத்தில் போடும் பழைய ஆறு கோர் பிராசஸர் ஒன்று கிடைத்தது. சூடு தணிக்கும் அலுமினியத் தகடு வைத்த போர்டும், செம்புக் குழாய் ஓடுகிற விசிறியும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளைக்கு வந்தபோதுதான் ஜெரால்ட் குறுக்கே புகுந்தார்.

அவர் இரும்பு உருக்கும் மில்லில் பழைய இரும்பு இறக்குகிற இடத்தில் வேலை பார்ப்பவர். எதையும் கையில் தூக்கினால் கிலோ சொல்லிவிடுவார். அவள் எழுதி வைத்திருந்த பவர் சப்ளையை ஒரு கையிலும், பேர் தெரியாத கம்பெனியின் புதுசு ஒன்றை மறு கையிலும் தூக்கினார். புதுசு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனம். விலையும் குறைவு.

"இதுல இன்னா கீது, காத்துதான். அதுல சரக்கு கீது" என்றார்.

பேர் தெரியாததற்கு நான் பொறுப்பில்லை அண்ணே என்று ராபின் முன்னாலேயே சொல்லிவிட்டான். கிறிஸ்டினாவும் முகத்தைச் சுளித்தாள். ஆனால் பதினைந்து வருஷமாக எடை பார்த்த கையை எதிர்த்துப் பேச அவளுக்கு மனசு வரவில்லை. கனமானதையே வாங்கினார்கள்.

மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டி, வேகத்தைக் கூட்டிக் கணக்கை ஓடவிட்டாள். பத்து நிமிஷத்தில் பொட்டென்று அணைந்தது. வேகத்தைக் கொஞ்சம் இறக்கினாள், அப்போதும் அணைந்தது. இன்னும் இறக்கினாள், அரை மணி தாக்குப்பிடித்து அணைந்தது. தள்ளாமல் விட்டால் மட்டும் சமர்த்தாக ஓடியது. ஆனால் அப்படி ஓடினால் முடிய ஞாயிறு ராத்திரி ஒன்பதாகும். மணி மூன்று.

ராபினுக்குப் போன் போட்டாள். பிராசஸர் அதிக மின்சாரம் கேட்கும்போது பவர் சப்ளை கைவிடுகிறது என்றான்.

"அவ்ளோ கனமா இருக்கறது எப்படிக் கைவுடும்?" என்றார் ஜெரால்ட்.

அவள் பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூடிரைவரை அவரிடம் நீட்டினாள். மூடியைக் கழற்றியவர் உள்ளே கை வைக்காமல் டார்ச் அடித்துப் பார்த்தார். சின்னச் சின்னப் பாகங்கள், முக்கால்வாசி காலியிடம். அடியில், எந்த ஒயரும் போகாமல், பசை போட்டு ஒட்டிய ஒரு கட்டி இரும்பு.

ஜெரால்ட் டார்ச்சை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எடை கூட்ட டிரம்முக்குள்ள மண்ணு வச்சிக்கினு வர லாரிய தெனம் நீதான புடிக்கிற?" என்று கேட்டாள் கிறிஸ்டினா.

"லாரின்னா கொட்டிப் பாப்பேன்" என்றார் அவர், குரலே எழும்பாமல். "இத எங்க கொட்டறது?"

அவளுக்குக் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, அதற்குள் பைக் சாவியை எடுத்துவிட்டார். அவள் எழுதியிருந்ததைத் தூக்கிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு நாலரைக்குத் திரும்பி வந்தார். ஐந்து மணிக்குக் கணக்கு மறுபடி தொடங்கியது. முழு வேகம். முடிய மறுநாள் ஆறு மணி ஆகலாம், கொஞ்சம் முந்தலாம். வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டு, இருவரும் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிறு ஐந்து இருபதுக்குப் படம் வந்தது. கைப்பிடி மாட்டுகிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஓரம் சிவப்பாக இருந்தது. அங்கே பிளாஸ்டிக் நிறையாது. லேப்டாப் கிடையாது. படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு பைக்கில் பறந்தார்கள். பட்டறை வாசலில் வரதன் பையோடு நின்றிருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, சுருக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். பிளாஸ்டிக் உள்ளே போகும் வாயை எங்கே மாற்றலாம் என்று கேட்டார். நடுவிலிருந்து ஒரு விரலளவு தள்ளி வைக்கலாம் என்று அவள் காட்டினாள்.

"மாத்திப் போட்டு இன்னொரு தபா காட்டும்மா" என்றார். "புதன்கெழம ஊர்லந்து வந்துடுவேன். கூடவே ரெண்டு குடத்தோட வரைபடம் தரேன், அதையும் பாரு."

புதன்கிழமை அவளுக்குக் காலை ஷிஃப்ட். சரி என்று தலையாட்டிவிட்டாள். திரும்பும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் பைக்கை நிறுத்தச் சொல்லி, வெள்ளைத் தாள் இரண்டு வாங்கினாள். மாசக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று கம்பெனிக்குக் கொடுப்பதைத் தமிழில் எழுதுவதா இங்கிலீஷில் எழுதுவதா என்று ஜெரால்டைக் கேட்டாள். எதில் எழுதினாலும் பிழையில்லாமல் எழுது, ரெண்டாவது தாளை வீணாக்காதே என்றார் அவர்.