தீ வருடத்து ஷிராஸ்

தீ வந்த வருடத்து ஷிராஸ் ஒயினில் ஒரு மடக்கு குடித்தவர்களுக்கெல்லாம் டெஸ் நோஸ்கே எப்படிச் செத்தான் என்பது தெரிந்துவிட்டது. அது போத்தலுக்கு வந்த வருடத்திலேயே டாரவில்லா ஊரில் அநேகமாக எல்லாரும் அதைக் குடித்துவிட்டார்கள். போதகரும் தபாலாபீஸ் அம்மாளும் தீயணைப்புத் தொண்டர்களும் உட்பட. தெரியாமல் இருந்தது டெஸ்ஸின் மனைவி கோரலுக்கு மட்டும்தான். அந்த ஒயினை ஊற்றி விற்ற பார் அவளுடையது.

கோரலின் மூக்கு மலை எரிந்த அன்றே செத்துப்போயிருந்தது. அதற்கு முன்பு, அடுத்த அறையில் யாராவது போத்தல் மூடியைத் திருகினால், அது எந்தச் சரிவில் விளைந்தது என்று இங்கிருந்தபடியே சொல்லக்கூடியவள். இப்போது அவளுக்கு எல்லாமே தண்ணீர். ஆனாலும் பாரின் சட்டம் மாறவில்லை. ருசி பார்க்காத ஒயினைப் பணியாளர் யாரும் ஊற்றக்கூடாது. தினமும் கடை திறக்கும் முன் கவுண்டர் அருகே நின்று, மூக்கில் என்ன, வாயில் என்ன, கடைசியில் என்ன, விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவளிடம் ஒப்பிக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பள்ளி முடித்ததிலிருந்து அங்கேயே வேலை பார்த்த டீகன் என்ற பெண்தான் பெரும்பாலும் ஒப்பிப்பாள்.

டெஸ் தன் திராட்சைக் கொடிகளைக் காப்பாற்றப் பின்தங்கினான், புகையில் மயங்கினான், ஒன்றும் உணர்ந்திருக்க மாட்டான் என்றுதான் ஊர் கோரலிடம் சொல்லியிருந்தது. எரியாமல் மிஞ்சிய பழத்தை அடக்கம் முடிந்த கையோடு ஊரே கூடிப் பறித்துக் கொடுத்தது. புகை ஏறிய பழம் என்று வியாபாரிகள் ஒதுக்கியதைப் பக்கத்துத் தோட்டக்காரன் கெவ் பீப்பாயில் இறக்கினான். கோரல் பாரின் கரும்பலகையில் முதல் வரியாக எழுதினாள்: டெஸ்ஸின் ஷிராஸ்.

ஒயின் அப்படிச் சொல்லவில்லை. முதலில் செர்ரி வரும். பிறகு எரியும் யூகலிப்டஸ் பட்டை, உருகும் டயர். டெஸ்ஸின் பிக்கப் வண்டி சாமான் ஏற்றி, எஞ்சின் ஓட, ரோட்டைப் பார்த்து நிற்கும். ஏறிப் போனால் போதும். ஆனால் குடிப்பவரின் காதுக்குப் பின்னால் ஒருவன் பிஸ்கட், பிஸ்கட் என்று கத்தத் தொடங்குவான். குரல் வண்டியை விட்டு விலகிக் கொடிகளுக்குள் போகும். பிஸ்கட் அவர்களுடைய நாய். காலில் முள் குத்தியிருந்ததால் அன்று காலை கோரல் அதைத் தன்னோடு பாருக்குக் கூட்டிவந்திருந்தாள், அவனிடம் சொல்ல மறந்துவிட்டாள். செல்போன் கோபுரம் எரிந்து விழுந்து அழைப்புகள் அறுந்தபோது நாய் அவள் பாதத்தின் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

டாரவில்லாவில் யாரும் ஒயினைத் திருப்பி அனுப்புவதில்லை, தக்கை அழுகிய வாடை அடித்தாலும். அதனால் எல்லாரும் உதட்டில் படிந்த சாம்பலை நாப்கினால் துடைத்துவிட்டு, "நல்லா இருக்கு கோரல்" என்றார்கள். டீகன் தினமும் "செர்ரி, மிளகு, கொஞ்சம் சாக்லேட்" என்று ஒப்பித்தாள். அந்தப் போத்தலைத் திறக்கும்போதெல்லாம் நாய் எழுந்து போய்க் குடிப்பவரின் காலடியில் உட்கார்ந்தது. சீஸுக்கு அலைகிறது என்று கோரல் அதைத் திட்டினாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் சிட்னியிலிருந்து மனைவியோடு வந்த ஒருவன், டீகன் ருசி பார்க்க ஊற்றியதைக் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளிவைத்தான்.

"இதுல யாரோ கத்துறாங்க. எடுத்துட்டுப் போங்க."

பக்கத்து மேசையிலிருந்து கெவ் குனிந்து, "யோவ், முழுங்கிட்டு நல்லா இருக்குன்னு சொல்லு. நாங்கல்லாம் சொல்லல?" என்றான்.

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அது கோரலுக்கும் கேட்டுவிட்டது. அவள் வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டாள், வழக்கப்படி வேறு போத்தல் கொண்டுவந்து வைத்தாள். பிறகு திருப்பப்பட்ட போத்தலிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி டீகன் முன்னால் நகர்த்தினாள்.

"சொல்லு கண்ணு."

"செர்ரி..."

"அதைக் காலையிலயே சொல்லிட்ட. மூக்குல என்ன?"

"மரப்பட்டை. எரியுது."

"வாயில?"

"டயர். வண்டி ரோட்டைப் பாத்து நிக்குது, எஞ்சின் ஓடிட்டிருக்கு."

"டீகன், போதும்மா," என்றான் கெவ்.

"நீ வாயை மூடு கெவ். உனக்கு அப்புறம் இருக்கு. கடைசியில?"

"பிஸ்கட்டைத் தேடுறார்."

கோரல் கீழே பார்த்தாள். நாய் ஏற்கெனவே டீகனின் காலடிக்கு வந்து உட்கார்ந்து, கிளாஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் நிக்குது?"

டீகன் அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் கோரல் பழக்கிய பெண் அவள். "நீளம் கோரல். ரொம்ப நீளம்."

"என் பேரைச் சொன்னானா?"

"இல்ல."

"கழுதை. நாயையே கட்டிக்கிட்டிருக்கலாம்," என்றாள் கோரல். அவள் அந்தக் கிளாஸை எடுத்துக் கடைசிவரை குடித்தாள். அவளுக்கு அது தண்ணீராகத்தான் இருந்தது.

மறுநாள் கரும்பலகையில் அந்த ஒயினுக்கு நேரே இருந்த செர்ரி, மிளகை அழித்துவிட்டு, எரியும் பட்டை, டயர், நாய் என்று எழுதினாள். கெவ் வந்து துடைத்தான். அவள் மறுபடி எழுதினாள். கெட்டுப்போன ஒயினை நல்ல ஒயின் என்று தன் பாரில் இத்தனை மாதம் விற்க வைத்ததற்காக அவள் ஊரில் ஒருவரையும் மன்னிக்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் அதை வாங்குவதை நிறுத்தினார்கள். வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள். அவர்கள் குடித்து முடித்ததும் கோரல் மேசைக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள், எவ்வளவு நேரம் நின்றது என்று. டெஸ் தேடிய நேரத்தை ஒருவராவது குறைத்துச் சொல்வார் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை.

பிஸ்கட் ஒரு குளிர்காலத்தில் செத்தது. டெஸ்ஸின் கொடிகளுக்கு நடுவே புதைத்தார்கள். அதற்குப் பிறகும் அந்தப் போத்தலைத் திறந்தால் குடிப்பவரின் பாதத்தின் மேல் கனமாக, கதகதப்பாக ஒன்று வந்து தலைசாய்க்கிறது. அதனால் டீகன் புதிய பணியாளர்களுக்கு முதலில் கற்றுத்தருவது இதைத்தான்: டெஸ்ஸின் ஷிராஸைக் கேட்பவர்களிடம், நாய் வந்து உட்கார்ந்தால் பரவாயில்லையா என்று கேட்க வேண்டும். பரவாயில்லை என்றால் மூடியைத் திருகலாம்.