துருவின் நிறம்

பெட்டியைத் திறந்ததுமே, பழம்பொருள்களைப் பார்த்துச் சான்று எழுதித் தரும் கியோனாகாவுக்கு அது பிடித்துவிட்டது. உள்ளங்கை அகல இரும்புத் தட்டு, வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டுவது. சிறகு விரித்த கொக்கு ஒன்று விளிம்போடு வளைந்திருக்க, மிச்ச இரும்பை வெட்டி எடுத்திருந்தார்கள். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். குமாமோட்டோ நகரில் காலையிலிருந்து விட்டு விட்டு மழை. மேகம் மூடிய வெளிச்சம்தான் இரும்பைப் பார்க்க நல்லது. கத்தரிக்காய்த் தோல் போல ஊதா கலந்த கறுப்பு. வெட்டுகளின் உட்சுவரில், கை போன போக்கில் அரத்தின் கீறல்கள், கைவேலையின் அடையாளம்.

"நல்ல சாமான்மா. இருநூறு வருஷத்துக்குக் குறையாது. யார் வீட்டுது?"

எதிரே உட்கார்ந்திருந்தவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அவருடைய கையெழுத்து, அவருடைய சிவப்பு முத்திரை. 'கொக்கு வெட்டிய தட்டு. பிற்கால வார்ப்பு, போலி. துரு அமிலத்தால் ஏற்றப்பட்டது.' நான்கு வருடத்துக்கு முந்திய தேதி.

"நான் சோனோதாவோட சம்சாரம், ஃபுமியே. அன்னிக்கு அவர் கொண்டாந்தார். இதே தட்டுதாங்க."

"மாத்தி எடுத்து வந்திருக்கப் போறீங்க."

"வீட்டுல இருக்கறதே ஒண்ணுதான்."

சோனோதாவின் முகம் நினைவுக்கு வந்தது. தட்டு வரவில்லை. அந்த வாரம் மட்டும் இருபது தட்டுகளாவது பார்த்திருப்பார்.

"அப்ப செங்கல் மாதிரி சிவப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு. சாயங்காலமானா டிவி முன்னாடி உக்காந்து துரு போக மான் கொம்பால தேய்ப்பார். பொய்ச் சாமான எதுக்குத் தேய்க்கறீங்கன்னா இன்னும் அழுத்தித் தேய்ப்பார். மார்ச்ல கண்ண மூடறதுக்கு முந்தின நாள்வரைக்கும் தேய்ச்சார்." அவள் தாளின் மேல் விரலை வைத்தாள். "இத இவருக்குக் குடுத்தது ஒகாதா அண்ணன். நாலு வீடு தள்ளி இருக்கார். உங்க தாள அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினதோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. இவர் சாவுக்கு வந்தவர் வாசலுக்கு வெளியவே நின்னுட்டுப் போயிட்டார்."

கியோனாகா பூதக்கண்ணாடியை எடுத்தார். ஈரத்தில் கிடந்து ஏறிய துருவைத்தான் அன்று அமிலம் என்று நினைத்தாரா? அந்தத் துரு அடைத்திருந்ததால் கீறல்கள் தெரியாமல் போயினவா? ஆனால் வார்த்த தட்டுக்கும் உள்ளே அரம் போடுகிறவர்கள் உண்டு. இடது சிறகின் ஓரம் இப்போது கொஞ்சம் மழுங்கலாகத் தெரிந்தது, அச்சிலிருந்து வந்ததைப் போல. சற்று முன் மயக்கிய கறுப்பு, நான்கு வருடக் கையெண்ணெயாகவும் இருக்கலாம். தாளைப் படித்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் படித்தார். எழுதியவர் உறுதியாகத்தான் எழுதியிருந்தார்.

"உண்மைன்னா நான் போய் அவர்கிட்ட தலை குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணும். பொய்னா என் வீட்டுக்காரர் செஞ்சது சரி. எதுன்னு சொல்லுங்க."

"தெரியலம்மா."

"நல்லாருக்கே! இப்பத்தானே இருநூறு வருஷம்னீங்க?"

"சொன்னேன். இப்பத் தெரியல."

அவள் பெட்டியை மூடித் துணியில் முடிந்தாள். "குடைய எடுங்க. இத நீங்களே வந்து அவர்கிட்ட சொல்லுங்க."

முப்பது வருடத் தொழிலில் யாரும் அவரை இப்படி இழுத்துக்கொண்டு போனதில்லை. மறுக்க ஒரு காரணமும் அகப்படாமல் பின்னால் நடந்தார்.

ஒகாதா கதவைத் திறந்தார். எழுபது வயதிருக்கும், கழுத்தில் துண்டு. ஃபுமியேவைப் பார்த்து முகம் இளகியது. அவள் பெட்டியை நீட்டி, "அண்ணே, அந்தத் தாள் எழுதினவர் இவர்தான்" என்றதும் இறுகியது. பெட்டியை அவர் வாங்கவில்லை.

கியோனாகா இடுப்பு வளையக் குனிந்தார். "அன்னிக்குப் பொய்னு எழுதினேன். இன்னிக்கு உண்மைன்னு தோணுச்சு. இப்ப எது சரின்னு எனக்கே தெரியலைங்க."

ஒகாதா கழுத்துத் துண்டை உருவிக் கையில் சுற்றினார்.

"தெரியலங்கற இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கு எழுதித் தந்திருக்கக் கூடாதாய்யா?"

கூரையிலிருந்து நீர் சொட்டியது. ஒகாதா மெல்லக் குனிந்து, வீட்டுக்குள் போடும் செருப்புகள் இரண்டு ஜோடியை எடுத்து அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஃபுமியே பெட்டியை மார்போடு அணைத்தபடி உள்ளே ஏறிவிட்டாள். கியோனாகா ஒரு ஷூவைக் கழற்றினார். மற்றதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகலாமா என்று தெரியாமல் ஒற்றைக்காலில் வாசலிலேயே நின்றார்.