எத்தனை நூல்

நாளைக் காலை எட்டு மணிக்குத் தபால் அதிகாரி மலைக்கு வருகிறார். அவர் முன்னால் சைக்கிள் ஓட்டிக் காட்டினால்தான் செவ்வந்திக்குக் கடிதம் கொடுக்கும் வேலை. ஊரில் பார் இல்லாத சைக்கிள் அவளுடையது ஒன்றுதான். மற்றதில் கால் எட்டாது. அதன் முன்சக்கர அச்சுதான் நேற்று இரண்டாக முறிந்து தொலைத்தது.

புது அச்சு வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போன அவள் புருஷன் வேடியப்பன், அந்த மகராசன், மாதிரிக்கு வைத்திருந்த முறிந்த துண்டை ஜன்னலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். கடையிலிருந்து போன் போட்டுக் கடைக்காரர் ஆதிமூலத்திடம் கொடுத்தான்.

"அச்சு எத்தினி நூலு கனம்மா? சீக்கிரம் அளந்து சொல்லுங்க. கடைசி பஸ்ஸு கெளம்பப் போவுது."

நூலா? பூக்கட்டும் நூல்கண்டை எடுத்தாள். இழைகளைச் சேர்த்து முறுக்கி அச்சோடு வைத்துப் பார்த்தாள். போதவில்லை. இன்னும் சேர்த்தாள். இழைகளை எண்ணினாள்.

"நாப்பது நூலு இருக்குங்க."

அங்கே கடையே சிரித்தது. வேடியப்பனும் சிரித்தான், அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"நாப்பது நூலுன்னா அஞ்சு இஞ்சும்மா. லாரிக்குக்கூட அம்மாம் பெருசு கெடையாது," என்றார் ஆதிமூலம். "ஒரு இஞ்ச எட்டாப் பிரிச்சா ஒண்ணு ஒரு நூலு."

மானம் போனால் போகட்டும், வேலை போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்கு ஓடி ஸ்கேல் வாங்கி வந்தாள். அச்சுத் துண்டு அதன்மேல் நிற்காமல் உருண்டது. இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவே அதை இறுக்கி, அந்த இடைவெளியை ஸ்கேலில் எண்ணினாள். மூன்று முறை எண்ணினாள். போனில் பஸ் ஹாரன் கேட்டது.

"ரெண்டரை நூலு. ரெண்டரையேதான்."

"சரிம்மே," என்று வேடியப்பன் வைத்துவிட்டான்.

பொழுது சாய வந்தவன் அச்சைச் சக்கரத்தில் பூட்டி ஃபோர்க்கில் வைத்தான். அதன் வாய்க்குள் அச்சு இறங்கவில்லை. செவ்வந்தி புது அச்சுக்கு மறுபடி தீப்பெட்டிகளை வைத்து அளந்தாள். மூன்று நூல்.

"நான் இன்னா சொன்னேன், நீ இன்னா வாங்கியாந்த?"

அவன் தலை குனிந்தான். "நாப்பதுன்னவ ரெண்டரைன்னா எப்பிடி நம்புறது? கனமா இருந்தாத் தாங்கும்னு நானே மாத்திக் கேட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. ஆத்திரம் அதைவிட முட்டியது. இனி பஸ் இல்லை. கொடுவாள் தீட்டும் அரத்தை எடுத்து அவன் மடியில் போட்டாள். ஃபோர்க்கின் இரண்டு வாயிலும் ஆணியால் கோடு கிழித்தாள்.

"அர நூலு ராவு. கோட்டத் தாண்டுன, சக்கரம் ஆடும். நாளைக்கு வுழுவப் போறது நான்."

ராவினான். நாலு இழுப்புக்கு ஒரு தடவை கையை எடுத்தான். ஸ்கேல் அவன் பக்கத்திலேயே கிடந்தது. அதை அவன் தொடவில்லை.

"போதுமான்னு நீயே அளந்து சொல்லு," என்றான்.

அளந்தாள். "இன்னும் ரெண்டு இழுப்பு."

சரியாக இரண்டே இழுத்து நிறுத்தினான். அச்சு இறங்கி உட்கார்ந்தது.