தனிஸ்லாஸின் திஸ்கூர்

மாமனிதர் ஒருவர் மறையும்போது உலகமே ஒரு கணம் அசையாமல் நின்றுவிடும் என்பது தனிஸ்லாஸின் உறுதியான எண்ணம். அவர் மறைந்த அன்று முதலியார்பேட்டையில் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றிருந்தது அவருடைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதுவும் முந்தின நாள் சாயந்திரமே நின்றுபோனது.

மகன் லூர்துபிரகாஷ் அதை ஏழாவது தடவையாக அணைத்துப் போட்டான். கறுப்புத் திரையில் அதே வெள்ளை எழுத்து: கிளம்ப எந்த டிஸ்க்கும் இல்லையாம். கூடத்தில் பிரீசர் பெட்டியைச் சுற்றிச் செபமாலை நடந்துகொண்டிருந்தது. நாலு மணிக்கு அடக்கப் பூசை.

பூசை முடிவில் வாசிப்பதற்கு அப்பா தானே ஓர் உரை எழுதி வைத்திருந்தார். குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர்தான். ஆனாலும் உரை என்று சொல்லமாட்டார், பிரெஞ்சில் ‘திஸ்கூர்’ என்பார். எட்டு வருஷமாகத் திருத்திக்கொண்டிருந்தார். அது இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்பதுதான் பிரகாஷுக்குத் தெரியவில்லை. நேற்று புது டிஸ்க் மாட்டிப் புது சிஸ்டம் ஏற்றியபோது, பழைய டிஸ்க்கில் ஒரு பகுதியை அழித்தது நினைவிருக்கிறது. அடுத்த பகுதியையும் அழித்தானா என்பது நினைவில்லை. அப்பா பின்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தார்.

“நல்லா ஓடினத எதுக்குடா நோண்டுன?”

“பழசுப்பா. இனிமே அதுக்கு அப்டேட் வராது.”

“எனக்குந்தான் வரல. ஓடலையா நானு?”

அதுதான் கடைசிப் பேச்சு. சாப்பிடாமல் போய்ப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை.

தங்கை லினெட் எட்டிப் பார்த்தாள். “அண்ணா, திஸ்கூர் எத்தினி பக்கம்னு சாமியார் கேக்குறாரு.”

“பக்கத்து வூட்டு யாகூப் பாய்க்குப் படிச்சுக் காட்டியிருக்காருல்ல. அவருக்கு எதனா ஞாபகம் இருக்கா கேளு.”

“கேட்டுட்டேன். தூங்கிட்டாராம்.”

பிரகாஷ் மறுபடியும் செட்டிங்கிற்குள் போனான். எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்ற வரிசையில், சிஸ்டம் அழிந்துபோன பழையதே இன்னும் முதலில் உட்கார்ந்திருந்தது. நேற்றே பார்த்திருக்க வேண்டியது. புதியதை மேலே ஏற்றினான். திரை விழித்துக்கொண்டது. பழைய டிஸ்க்கைத் திறந்தான். அடுத்த பகுதி அப்படியே இருந்தது. உள்ளே திஸ்கூரும் இருந்தது.

லினெட் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து முதல் வரியைப் படித்தாள்: ‘எனக்கு இறுதி மரியாதை செலுத்தக் கடலெனத் திரண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பெருமக்களே!’

“இத அப்படியேவா படிக்கப்போற? அன்பானவங்களேன்னு மாத்திக்கண்ணா.”

“ஒருவாட்டி மாத்துனது போதும்,” என்று பிரிண்டரைப் போட்டான்.

பூசை முடிந்ததும் மைக்கின் முன்னால் நின்று, ஓர் எழுத்தையும் விடாமல், அப்பாவுக்குப் பிடித்த மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தான். பேண்டுக்காரர்கள் நாலு பேரையும் சேர்த்து, கோயிலில் அப்போது இருந்தது முப்பத்தொரு பேர்.