ஏழாவது ரேக்கின் பின்பக்கம்

1

அடுத்தவர் தப்பைச் சொல்லிச் சிரிக்க வைக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஏசுவதற்கு இது மேல்.

எங்கள் டேட்டா சென்டரில் ஓர் அக்கா இருக்கிறார். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். பதினாறு வருடமாக, இரவும் பகலும் ஓடும் சர்வர் கணினிகளை ரேக்கில் ஏற்றி இறக்குகிறவர். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், கழற்ற வேண்டிய பழைய சர்வரை விட்டுவிட்டு, ஒரு மருத்துவமனைக்காக ஓடிக்கொண்டிருந்த சர்வரின் கேபிள்களை உருவிவிட்டார். அந்த மருத்துவமனையின் திரைகள் நாற்பது நிமிடம் இருண்டு கிடந்தன. இரண்டு அறுவை சிகிச்சைகளைத் தள்ளி வைத்தார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அன்றைக்கே அக்காவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று காவலாளியோடு வாசல்வரை அனுப்பினார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு வரி போட்டால் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

2

அடித்துப்போட்ட தொடக்கங்களையும் அப்படியே வைக்கிறேன்.

"ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு." [அடித்துவிட்டேன். அக்கா ஆத்திரப்பட்டு யார் பார்த்தது? திருகாணியைக்கூட நலம் விசாரித்துவிட்டுத்தான் கழற்றுவார்.]

"கேபிளைப் பிடுங்கியபோது அவர் முகத்தில்" [நிறுத்திவிட்டேன். அந்நேரம் நான் சாப்பாட்டு அறையில் இருந்தேன். அவர் முகம் எனக்கு எப்படித் தெரியும்?]

பாத்திரம் நம்பும்படியாக இல்லை என்பதுதான் என் தொல்லை. எண்ணை மூன்று தடவை விரல் வைத்துப் பார்க்கிற பெண், கழற்றச் சொன்ன பத்தொன்பதாம் இடத்தை எப்படித் தவறவிட்டாள்? இந்த வேலைக்கு வருமுன் நான் அச்சகத்தில் பதினைந்து வருடம் பிழை திருத்தியவன். பக்கத்தில் எதுவோ இடறினால் எனக்குச் சோறு இறங்காது.

3

ரேக் என்பது ஆளுயரத்துக்கும் மேலான இரும்புச் சட்டம். அதில் நாற்பத்திரண்டு இடங்கள். கீழேதான் ஒன்று, மேலே போகப் போக எண் கூடும். எண் அச்சிட்ட நாடாவை முன்பக்கத் தூணிலும் பின்பக்கத் தூணிலும் ஒட்டியிருப்போம். முன்பக்கம் குளிரடிக்கும். பின்பக்கம் சர்வர்கள் விடும் அனல், இரைச்சல். சர்வரின் முதுகில் ஒட்டும் பெயர்ச்சீட்டு அந்த அனலில் உரிந்து விழுந்துவிடும். அதனால் கேபிளை உருவுகிறவர்களுக்குப் பின்தூண் நாடாதான் துணை. அக்காவுக்கு வந்த உத்தரவு இதுதான்: ஏழாவது ரேக், பத்தொன்பதாவது இடம். விசாரிக்க வந்தவர்கள் முன்பக்கம் பார்த்தார்கள். எண்கள் சரியாக இருந்தன. அனலுக்குள் எட்டிப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

கதைக்கு நாடாவின் நிறம் வேண்டியிருந்தது. [மஞ்சளா வெள்ளையா என்று போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது.] இன்று காலை ஏழாவது ரேக்கின் பின்னால் போய் நின்றேன்.

மஞ்சள்தான்.

ஒன்று என்ற எண் என் தலைக்கு மேலே இருந்தது. குனிந்து கீழே பார்த்தேன். நாற்பத்திரண்டு.

அந்த நாடாவின் பத்தொன்பது, கீழிருந்து எண்ணினால் இருபத்து நான்கு. அங்கேதான் மருத்துவமனை சர்வர் இருக்கிறது. அக்கா தவறவே இல்லை. நாடா சொன்ன இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

ஒட்டியது யார் என்று கேட்கிறீர்களா? இரண்டு வருடத்துக்கு முன், நான் சேர்ந்த முதல் வாரம். முன்பக்கம் அக்கா ஒட்டினார். பின்பக்கம் ஏணியில் ஏறி, மேலிருந்து கீழாக, அச்சுப் பக்கத்துக்கு வரி எண் போடுவதுபோல ஒட்டியது நான். அதற்குப் பிறகு போன செவ்வாய்வரை அந்த ரேக்கில் எதையும் கழற்றும் வேலை வரவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

4

மத்தியானம் அக்காவே போனில் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"நேத்து கண் டாக்டர்கிட்ட போனேன் தம்பி. கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப புத்திதான் தடுமாறிடுச்சு போல. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து, தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுடறேன்."

நான் "சரிக்கா" என்றேன். இந்தக் கதையிலேயே கேவலமான வரி அதுதான். அதை அடிக்க மாட்டேன்.

5

முடிவுகள்.

(அ) அவன் நாடாவைக் கிழித்துவிட்டுச் சரியாக ஒட்டுகிறான். யாருக்கும் தெரியாது. [சும்மா கற்பனை என்று எழுதத்தான் ஆசை. காலையில் என் நகம் நாடாவின் மேல் மூலைவரை போய்விட்டது. ஒரு விரலளவு உரிந்தும் விட்டது. பயந்து கையை எடுத்தேன்.]

(ஆ) அவன் நேராக மேலாளரிடம் போய், "சார், அந்த நாடாவை" [மூன்று முறை எழுதிப் பார்த்தேன். இதற்கு மேல் பேனா நகரவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், நாற்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு வேலை யார் தருவார் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அக்கா வீட்டிலும் அடுப்பு எரியத்தானே வேண்டும்?]

முடிவு எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

6

வாசகரே, கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இனி நான் அக்காவோடு பேச வேண்டும்.

அக்கா, இதை இப்போதே உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். அனுப்பிய பிறகு எனக்கே மனம் மாறினாலும் ஒன்றும் செய்ய முடியாது, அதற்காகத்தான் அனுப்புகிறேன். நாளை கையெழுத்துப் போடாதீர்கள். விசாரிக்கிற அதிகாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு ஏழாவது ரேக்கின் பின்பக்கம் போங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, அவரை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். நாடாவின் மேல் மூலை கொஞ்சம் உரிந்திருக்கும். அது என் நகம். அதையும் சொல்லுங்கள். நானும் பக்கத்தில் நிற்பேன் என்று எழுதத் தோன்றுகிறது. நிற்பேனா என்று நாளைக்கு நீங்களே பாருங்கள்.

உங்கள் கண் நன்றாக இருக்கிறது அக்கா. புத்தியும்.