பதினாறு வாழைக்காய் பஜ்ஜி

“எங்க பையன் வந்து உட்கார்ந்துட்டுத்தான் போனான். உங்க இடம்தான் அவனைக் காட்டப் பத்தலை.”

இயற்பியல் புரொபசர் குருபாதம் இதை மூன்றாவது தடவையாக, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். ஹேமலதா கரண்டியும் கையுமாக நின்று கேட்டாள். அவள் மகள் சிந்துஜாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை, இதுவரை எந்தக் கருவியிலும் படாத ஒரு துகள். நல்ல இடம். பத்துக்கு ஒன்பது பொருத்தம். அவர் இருந்தால்தான் பிரபஞ்சத்தின் கணக்கு இரண்டு பக்கமும் நேராகும் என்று, பையன் வீட்டுக்காகப் பேசும் புரொபசர் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்.

முதலில் வீட்டு ஹாலில் பெண் பார்த்தார்கள். காலி நாற்காலிக்கு முன்னால் சிந்துஜா வைத்த காபி ஆடை கட்டியது. பையன் நினைத்ததைவிடக் கனம், பெரிய இடம் வேண்டும் என்றார் புரொபசர். கல்யாண மண்டபம் பிடித்தார்கள். அங்கேயும் ஆடை கட்டியது. இன்னும் கொஞ்சம் கனமாம். பொருட்காட்சி மைதானத்திலும் அதே காபி, அதே ஆடை. இதற்குள் மூன்று வருஷம் ஓடிவிட்டது. திங்கட்கிழமை சிந்துஜா புனேயில் வேலைக்குச் சேராவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு. பேசி வைத்த பெண்ணை முடிவு தெரியாமல் ஊர் தாண்டி அனுப்புகிற வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை.

“சார், என்ன நடந்தா பையன் இல்லைன்னு ஒத்துப்பீங்க?” என்று கேட்டாள் ஹேமலதா.

குருபாதம் யோசித்தார். “இப்படி யாரும் கேட்டதில்லையேம்மா.”

“நான் கேக்கறேன்.”

“கண்ணுக்குப் படாட்டியும், வந்தவன் சும்மா போகமாட்டான். ஏதாவது குறையும்.”

“அப்போ பஜ்ஜி குறையட்டும். ஒண்ணாவது. எழுதுங்க.”

நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளை நீட்டினாள். குறையாவிட்டால் சம்பந்தம் இல்லை என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார்.

பதினாறு வாழைக்காய் பஜ்ஜி போட்டு, எண்ணி, தட்டை நாற்காலிக்கு முன் வைத்து ஹால் கதவைச் சாத்தினாள் ஹேமலதா. அரை மணி. சிந்துஜா புனேக்குக் கட்டிய பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணாவது சாப்பிட்டிருப்பார்னு தோணுதும்மா.”

“தோணறதை எண்ண முடியாதுடி.”

கதவைத் திறந்து எண்ணினாள். பதினேழு. மறுபடி எண்ணினாள். வாழைக்காய் பதினாறு, கத்தரிக்காய் ஒன்று. வீட்டில் கத்தரிக்காயே இல்லை. மற்றதெல்லாம் ஆறியிருக்க, அது மட்டும் சுட்டது.

குருபாதம் முகம் மலர்ந்தது. “நான்தான் அப்பவே சொன்னேனே...”

“நீங்க சொன்னது குறையும்னு. இது கூடியிருக்கு. தாளைப் பாருங்க சார்.”

அவர் பார்த்தார். மாப்பிள்ளை பெயரை ஒரே கோடாக அடித்தார். பத்துப் பக்கத்தையும் திருப்பி வாங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சிந்துஜா கத்தரிக்காய் பஜ்ஜியைப் பாதி கடித்தாள். மீதியை அம்மா வாயில் ஊட்டினாள். “போயிட்டு வரேம்மா” என்று பெட்டியை உருட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

ஹேமலதா வாசலில் நின்றபடியே மென்றாள். மொறுமொறுப்பு அவள் போடுவதைவிட ஒரு பங்கு அதிகம். ஓமம் தெரிந்தது. இன்னொன்று பிடிபடவில்லை. உள்ளே வந்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் காலி நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“நீங்க யாரா இருந்தாலும் பரவாயில்லை. மாவுல என்ன சேர்த்தீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”